துண்டில் உள்ள எண்ணும் துண்டில் இல்லாத கதையும்

(ஈரல் நொதியப் பரிசோதனை பற்றிப் பல்லேகமையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ரத்தோட்டைப் பக்கமிருந்து ரிவர்ஸ்டன் வளைவுகளை ஏறி இறங்கி வந்தவர்கள் இருக்கிறீர்கள். வயல் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை மதித்து நேராக விடயத்துக்கு வருகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாக அதுதான் வேலை. இத்தனை காலத்தில் மக்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே நின்று, நான்காக மடித்த ரிப்போர்ட் துண்டை விரித்து நீட்டி, "தம்பி, இது கூடவா குறைவா?" என்பார்கள். கூட என்றால் முகம் வாடிப்போகும். குறைவு என்றால் துண்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஈரல் விடயத்தில் இந்த இரண்டுமே பல நேரங்களில் தவறாக முடிகின்றன. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் ஈரல் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நொதியங்கள் வேலை செய்கின்றன. அவற்றில் இரண்டின் பெயர் உங்கள் துண்டில் இருக்கும்: ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. சில துண்டுகளில் பழைய பெயரான எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்று இருக்கும். எஸ்.ஜி.பி.ரி. என்பதுதான் ஏ.எல்.ரி.; எஸ்.ஜி.ஓ.ரி. என்பதுதான் ஏ.எஸ்.ரி. பெயர் மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

இவை என்ன செய்கின்றன? விடியற்காலையில் ஒரு பிளேன்ரியைக் குடித்துவிட்டு மலையேறி, சாப்பாட்டு நேரம் வரை கொழுந்து பறிக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். முதல்நாள் இரவு சாப்பிட்டது எப்போதோ கரைந்துவிட்டது. ஆனாலும் அவர் மயங்கி விழுவதில்லை. தசையிலிருந்து வரும் அலனின் என்ற அமினோ அமிலத்தை ஈரல் வாங்கி, ஏ.எல்.ரி.யின் உதவியால் உருமாற்றி, சீனியாக்கி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் தாயின் கை ஓயாமல் ஓட, ஈரலும் உள்ளே ஓயாமல் உழைக்கிறது.

இந்த நொதியங்களின் இடம் கலத்தின் உள்ளே. பழைய கலம் சாவதும் புதியது பிறப்பதும் தினமும் நடப்பதால் இரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். வைரசோ, மதுவோ, மருந்தோ, கொழுப்போ ஈரல் கலத்தைப் புண்ணாக்கும்போது சுவர் இளகி, உள்ளிருப்பது வெளியே கசியும். அந்தக் கசிவைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

களு கங்கை அணையைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018இல் அதில் நீர் நிரம்பத் தொடங்கியது. பழைய பல்லேகமைக் கடைத்தெரு நீருக்கடியில் போக, நீங்கள் புதிய லக்கல நகரத்துக்கு வந்தீர்கள். எந்தப் பெரிய அணையிலும் சிறிது நீர் கசியும். பொறியியலாளர்கள் அதை ஒரு காணில் சேர்த்து அளந்து எழுதிவைப்பார்கள். கசிவு திடீரென்று ஏறினால் அணையைப் பார்க்க ஓடுவார்கள். ஆனால் அந்தக் காணை மட்டும் பார்த்து, குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. இரண்டும் அந்தக் காண் அளவுதான். ஈரலின் பலத்தை அறிய வேறு அளவுகள் உண்டு. ஈரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது, இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது, பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை ஈரல் அகற்றுகிறதா என்பவை அவை. இந்த வேறுபாடு ஒன்றைப் புரிந்துகொண்டால் இன்று நான் சொல்லப் போவதில் பாதி புரிந்துவிடும்.

இந்தச் சோதனை எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். 1937இல் சோவியத் நாட்டில் பிரவுன்ஸ்டைனும் கிறிட்ஸ்மனும் புறாவின் நெஞ்சுத் தசையை ஆராய்ந்து, அமினோ தொகுதியை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நொதியங்களைக் கண்டார்கள். 1954இல் நியூயோர்க்கில் லடூ, விரோப்லூஸ்கி, கார்மன் ஆகிய மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஏ.எஸ்.ரி. ஏறுவதைக் காட்டினார்கள். ஆகவே இன்று நாம் ஈரல் சோதனை என்று சொல்வது முதலில் பேர்பெற்றது இதய நோயில்தான். அடுத்த வருடமே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டி ரித்திஸ், கொல்தோர்த்தி, ஜுஸ்தி மூவரும் ஈரல் அழற்சியில் இவை ஏறுவதைக் கண்டார்கள். ஏ.எஸ்.ரி.யை ஏ.எல்.ரி.யால் வகுத்து வரும் விகிதத்துக்கு இன்றும் டி ரித்திஸ் பெயர்தான். தசையிலும் இதயத்திலும் ஏ.எஸ்.ரி. இருப்பதால், அது மட்டும் தனியாக ஏறியிருந்தால் உடனே ஈரலைக் குற்றம் சொல்லக் கூடாது. நாள் முழுக்க மூட்டை தூக்கியவருக்கும் அது ஏறும்.

உங்கள் இரத்தம் எங்கள் மேசைக்கு வந்ததும் நடப்பதைக் கேளுங்கள். குழாயில் இரத்தம் உறைந்ததும் அதை வேகமாகச் சுழற்றுவோம். சிவப்பு அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். காமாலைக்காரருடையது மஞ்சள் கரைத்த தண்ணீர் போல இருக்கும். இயந்திரத்தில் வைப்பதற்கு முன்பே மனம் பதறும். அந்த நீரில் சில பொருள்களைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத 340 நனோமீற்றர் புறஊதா ஒளியை அதனூடே செலுத்துவோம். நொதியம் ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் அந்த ஒளியை விழுங்கும் பொருள் கொஞ்சம் செலவாகும். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை இயந்திரம் எண்ணாக்கித் தரும். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் மாற்றினால் ஓர் அலகு. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ குழாய் குலுங்கிச் சிவப்பணு உடைந்தால், தெளிந்த நீர் இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள்ளும் ஏ.எஸ்.ரி. இருப்பதால் எண் பொய்யாக ஏறும். "இன்னொரு தடவை இரத்தம் தாருங்கள்" என்று நாங்கள் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பொய்யான எண்ணை உங்கள் கையில் தர மனமில்லாமல்தான் கேட்கிறோம்.

பெரும்பாலான ஆய்வுகூடங்கள் ஏ.எல்.ரி.க்கு 40 அலகு அளவில் மேல் எல்லை போடுகின்றன. 2002இல் இத்தாலியில் நல்ல ஆரோக்கியமுள்ள இரத்ததானக்காரர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டபோது, ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 போதும் என்று வந்தது. துண்டில் 38 என்று இருந்து பக்கத்தில் அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், நீரிழிவும் வயிற்றுப் பருமனும் உள்ள ஒரு தாய்க்கு அது கவனிக்க வேண்டிய எண்தான்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், பெரும்போக அறுவடைக் காலம். முப்பது வயதுள்ள விவசாயி ஒருவர். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாள். கண் இரண்டும் மஞ்சள். கெண்டைக்கால் தசையைத் தொட விடமாட்டார், அவ்வளவு வலி. வீட்டில் மஞ்சள் காமாலை என்று தாங்களே முடிவுகட்டி, மூன்று நாள் பத்தியமும் பச்சிலைச் சாறும் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய இரத்தம் என்னிடம் வந்தது. பிலிருபின் மிக உயரத்தில் இருந்தது. ஏ.எல்.ரி. நூறைக்கூடத் தொடவில்லை. எனக்கு அது பொருந்தவில்லை. வைரசால் வரும் காமாலையில் கண் இவ்வளவு மஞ்சளாகும்போது ஏ.எல்.ரி. பெரும்பாலும் பல நூறு, சில நேரம் பல ஆயிரம் இருக்கும். வார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். வைத்தியர் எண்ணைக் கேட்டதும் நோயாளியிடம் திரும்பி ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, எந்த வயலில் இறங்கினீங்க?"

எலிக்காய்ச்சல். சிங்களத்தில் மீ உண என்பார்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியே கிருமி ஏறுகிறது. கடுமையானால் கண் மஞ்சளாகும், ஆனால் ஈரல் கலங்கள் பெருமளவில் சாவதில்லை. அதனால்தான் பிலிருபின் உச்சத்தில் நிற்க, நொதியம் சற்றே ஏறி நிற்கிறது. அங்கே உயிரைக் குடிப்பது பெரும்பாலும் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாவதுதான். நேரத்தோடு நுண்ணுயிர்கொல்லி மருந்து கிடைத்ததால் அந்தத் தம்பி பிழைத்தார். "ஏ.எல்.ரி. பெரிதாக ஏறவில்லை, ஈரல் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. இருநூறுக்கும் மேல் இறந்தார்கள். கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நம் மாத்தளையும் ஒன்று. ஆகவே வயலில் இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்கலாம். அதைவிட முக்கியம், காய்ச்சல் வந்து வைத்தியரிடம் போனால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் "வயலில் இறங்கினேன்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எந்த இயந்திரத்திலும் வராது.

அடுத்தது நம்மவர்கள் நம்ப மறுக்கும் ஒன்று: ஈரலில் கொழுப்பு. "அது பட்டணத்துக்காரருக்கு வருவது, நாங்கள் மலையேறி வேலை செய்கிறவர்கள்" என்பார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ராகமையில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு, 32.6 சதவீதத்தினருக்கு, மதுவால் வராத ஈரல் கொழுப்பு இருந்தது. பிறகு நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில், உடலுழைப்பால் வாழும் வசதி குறைந்த மக்களிடம் பார்த்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் அங்கேயும் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்கு இருந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையைச் சுமந்து மேடு ஏறுகிறவர்களுக்கே அப்படி.

காரணம் ஒன்றல்ல. தெற்காசிய உடலுக்கு, பார்வைக்கு மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் இயல்பு இருக்கிறது. காலையில் கோதுமை மாவு ரொட்டி, பகலில் குவித்த சோறு, நாளுக்கு நாலைந்து தடவை சீனி போட்ட தேநீர். மாமிசமும் பருப்பும் கீரையும் தட்டில் ஓர் ஓரமாகத்தான் இருக்கும். எண்ணெயில் உள்ள கொழுப்புதான் ஈரலுக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மிஞ்சிய மாவையும் சீனியையும் ஈரலே கொழுப்பாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இப்படிக் கொழுப்பு சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏ.எல்.ரி. எல்லைக்குள்ளேயே இருக்கும். நான் சொன்ன அந்த நிம்மதி, "குறைவுதான்" என்று துண்டை மடித்துச் செருகும் நிம்மதி, இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது.

இதற்கு ஒரு வழி உங்கள் கிளினிக் கொப்பியிலேயே இருக்கிறது. வயது, ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி., இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து வைத்தியர் ஃபிப்-4 என்ற ஒரு கணக்கைப் போடலாம். விடை 1.3க்குக் கீழே வந்தால், ஈரல் பெரிதாக வடுப்பட்டிருக்கும் வாய்ப்புக் குறைவு. மேலே வந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். மருந்து என்ன என்று கேட்டால், எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஈரல் கொழுப்புக் கரையத் தொடங்கும். ஏழு முதல் பத்து குறைந்தால் அழற்சியும் அடங்கும். எழுபது கிலோ இருக்கும் ஒருவருக்கு அது ஐந்திலிருந்து ஏழு கிலோ. தேநீரில் சீனியை நிறுத்துவதிலிருந்து இன்றைக்கே தொடங்கலாம்.

மதுவைப் பற்றி நான் ஒளித்துப் பேசப் போவதில்லை. கசிப்பும் சாராயமும் நம் லயங்களில் எத்தனை பெண்களை இளவயதில் விதவையாக்கியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். குடியால் கெட்ட ஈரலில் பெரும்பாலும் ஏ.எஸ்.ரி. ஏ.எல்.ரி.யைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். குடி ஈரல் கலத்தின் உள்ளறைகளையே உடைப்பதும், விற்றமின் பி6 குறைந்து ஏ.எல்.ரி. தளர்வதும் இதற்குக் காரணங்கள். ஜி.ஜி.ரி. என்ற இன்னொரு நொதியமும் ஏறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடியால் வரும் கடுமையான ஈரல் அழற்சியில்கூட ஏ.எஸ்.ரி. முந்நூறைத் தாண்டுவது அரிது. காமாலையும் வயிறு வீக்கமுமாகப் படுத்திருக்கும் மனிதரின் எண், ஐந்து நாளில் எழுந்து நடக்கும் ஒரு டெங்கு நோயாளியின் எண்ணைவிடச் சிறியதாக இருக்கலாம். பெரிய எண் பெரிய நோய், சிறிய எண் சிறிய நோய் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு இங்கே உடைந்துபோகிறது.

டெங்கு என்றதும் பனடோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு வந்தது. டெங்குவே ஈரலைத் தாக்கும். இரண்டு நொதியங்களும் ஏறும், ஏ.எஸ்.ரி. கொஞ்சம் கூடுதலாக. அந்த நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு மணிக்கொரு தடவை பனடோல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளின் மேல் எல்லை 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு. மெலிந்தவருக்கு இன்னும் குறைவு. அளவு மீறினால் முதல் நாள் வாந்தியோடு போய்விடும்; இரண்டாம், மூன்றாம் நாளில் ஏ.எல்.ரி. ஆயிரக்கணக்கில் ஏறும். முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால் மாற்று மருந்து மிக நன்றாக வேலை செய்யும். தெரியாமல் அதிகம் போட்டுவிட்டாலும் சரி, மனம் உடைந்து வேண்டுமென்றே போட்டிருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

இப்போது கீழ்க்காய்நெல்லிக்கு வருகிறேன். நம் பாட்டிமார் கையில் வளர்ந்த மூலிகை. அதை இகழ்ந்து பேச நான் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதை முறையாகச் சோதித்தார்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி வைரசைக் கண்டதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். 1988இல் லான்செட் இதழில் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெறும் தூள் எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்பதுதான் நேர்மையான நிலை.

அப்படியானால் ஊரில் இத்தனை பேரின் காமாலையை அது எப்படிக் குணமாக்குகிறது? தண்ணீர் வழியாகப் பரவும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ காமாலையில், கண் மஞ்சளாகும் சமயத்திலேயே நொதியம் உச்சத்தைத் தொட்டிருக்கும். அதன்பின் எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், சில கிழமைகளில் பெரும்பாலோருக்கு அது தானாக இறங்கும். சாறு குடித்த மூன்றாம் நாள் எண் பாதியானால் சாற்றுக்குத்தான் பெயர் கிடைக்கும். அதோடு போனால் பரவாயில்லை. எலிக்காய்ச்சல்காரருக்கும் அதே சாறு கொடுத்து மூன்று நாளை இழந்தோமே, அதுதான் என் மனதை உறுத்துவது. மூலிகை எடுத்தால் எடுத்தேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். சீந்தில் கசாயம் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதியிருக்கிறார்கள். இயற்கை என்பதற்காக எல்லாமே ஈரலுக்கு இதமாக இருந்துவிடாது.

எண் இறங்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கடுமையான அழற்சியில் நாலாயிரமாக இருந்த ஏ.எல்.ரி. நாலு நாளில் நானூறாகிவிட்டால் வீட்டார் கும்பிட்டு நன்றி சொல்வார்கள். ஆனால் அதே நேரத்தில் பிலிருபின் ஏறிக்கொண்டிருந்து, இரத்தம் உறைய நேரம் கூடிக்கொண்டிருந்து, நோயாளி தூங்கித் தூங்கி விழுந்து, வார்த்தை குழறினால், அது குணமாவதன் அறிகுறி இல்லை. கசிய இனி ஈரல் கலம் மிச்சமில்லை என்று அர்த்தம். நொதியம் இறங்கியதா என்று கேட்பவர்கள், கூடவே "பிலிருபின் என்ன, உறைதல் நேரம் என்ன?" என்றும் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஏ.எல்.பி. என்ற நொதியம் பித்தக்குழாய் அடைபட்டால் ஏறும். வளரும் பிள்ளையின் எலும்பிலிருந்தும் கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் என்பதால், அவர்களுக்கு அது கூடியிருந்தால் பதற வேண்டாம். காசநோய் மருந்து எடுப்பவர்கள் குமட்டலோ மஞ்சளோ கண்டால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று தாங்களாக முடிவெடுக்க வேண்டாம். கொலஸ்ட்ரோல் குளிசையால் நொதியம் கொஞ்சம் ஏறினதென்று அதைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று மடங்குக்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. முடிவை வைத்தியரிடம் விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் உங்கள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஐந்து வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எடுக்கும் குளிசைகள் எல்லாம், கடையில் வாங்கிய பனடோல் உட்பட. குடித்த கசாயமும் சாறும். மது குடிப்பதுண்டா, எவ்வளவு. வயலிலோ சேற்றிலோ கடைசியாக இறங்கிய நாள். வீட்டில் யாருக்காவது காமாலையோ நீரிழிவோ இருக்கிறதா. நாங்கள் எழுதித் தரும் எண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் இந்த ஐந்து வரியும் இருந்தால், வைத்தியருக்குப் பாதித் தேடல் குறையும்.

அடுத்த தடவை ஜன்னலுக்கு வெளியே நின்று "தம்பி, இது கூடவா குறைவா?" என்று நீங்கள் கேட்டால், நான் முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் பார்க்கக் கேட்பேன்.